விரதமும் பட்டினியும்

"காசு குடுத்தாடா போய் இருட்டுல உக்காரப் போறீங்க?"

தாசேக் பெராவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஆளுக்கு 350 ரிங்கிட். மூன்று பகல், இரண்டு இரவு. கரண்டு கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, போனுக்கு லைன் கிடைக்காது. ஏரிக்கரையில் கூடாரம், விறகு மூட்டிச் சமையல், பகலெல்லாம் துடுப்புப் போட்டுப் படகில் சுற்றுவது. நான் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா கடைசியில் ஒன்று சொன்னார்: "இப்பிடித்தான நாங்க பதினெட்டு வருசம் இருந்தோம். எங்ககிட்ட யாரும் காசு கேக்கல."

அம்மா நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது லயத்துக்கு மின்சாரம் இல்லை. பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார். அதற்கு முன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் வருவது அம்மாவின் வேலை. கையில் சிம்னி விளக்கு, இரண்டு பக்கமும் பால் மரம். காடு என்றால் அம்மாவுக்கு இன்றைக்கும் அந்த நடைதான் ஞாபகம் வரும். அட்டை, பாம்பு, ஈரம், பயம். அங்கிருந்து வெளியே வருவதற்காகத்தான் அவர் படித்தார், டைப்பிங் கற்றார், கோலாலம்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அப்படி அவர் தப்பித்து வந்த இடத்துக்கு நான் டிக்கெட் எடுத்துப் போகிறேன்.

அன்றைக்கு நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. விரும்பி ஏற்றுக்கொள்ளும் எளிமையும் தலையில் விழுந்த எளிமையும் ஒன்றா? ஒன்றில்லை என்றால், நான் அந்த ஏரியில் போய் அனுபவித்தது என்ன?

முதலில் ஏரியைப் பற்றி. தாசேக் பெரா பகாங் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி என்று அதைச் சொல்வார்கள். ஆனால் ஏரி என்றதும் மனதில் வருகிற அகலமான நீர்ப்பரப்பு அங்கே இல்லை. சதுப்புக் காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் கால்வாய்கள், நடுநடுவே குளம்போலத் திறந்துகொள்ளும் சிறு வெளிகள், இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. உக்கிய இலையும் கரிச்சேறும் ஊறித் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். கையால் அள்ளினால் தெளிவு, குனிந்து பார்த்தால் கறுப்பு. கரையோரம் ராசாவ் என்கிற நீர்த்தாழை சுவர் மாதிரி நிற்கும். இன்னொரு பக்கம் பாய் முடையப் பயன்படும் கெர்சூட் கோரை. மழைக்காலத்தில் நீர் ஏறிக் காட்டுக்குள் போய்விடும், வறட்சியில் பின்வாங்கும். இந்தத் தண்ணீர் சுங்கை பெரா வழியாக வடக்கே போய்ப் பகாங் ஆற்றில் சேர்கிறது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் 1994இல் மலேசியா பதிவு செய்த முதல் இடம் இதுதான்.

பஹாவ் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. அதைப் பார்த்துக்கொண்டே போகும்போது, இதற்குள் எங்கே காடு என்று தோன்றும். திடீரென்று செம்பனை முடிந்து மரங்களின் உயரம் மாறும். படகுத்துறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் செமலாய் இனத்தவர், அறுபது வயது இருக்கும். நாங்கள் பாக் சிக் என்று கூப்பிட்டோம். செமலாய் மக்கள் ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினர். அவர்கள் மொழி மலாய் இல்லை, ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மீன், நெல், கெருயிங் மரத்தின் எண்ணெய், இவற்றைச் சுற்றி அமைந்தது அவர்களின் பழைய வாழ்க்கை. பாக் சிக் ஒரு கெருயிங் மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் குழி வெட்டி, அதில் நெருப்புக் காட்டினால் எண்ணெய் ஊறி வரும். சில நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பால் வெட்டுகிற குடும்பத்தில் வந்தவனுக்கு அந்தக் காயம்பட்ட மரம் புதிதாகத் தெரியவில்லை.

மோட்டார் படகில்தான் எங்களை ஏற்றினார். இரண்டு ஜாலூர்கள், அதாவது ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒல்லியான ஓடங்கள், பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தன. பத்து நிமிடம் போயிருக்கும். எஞ்சின் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் அமைதிக்காக வந்துவிட்டு இதென்ன என்று நினைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டே போகலாமா என்று கேட்டேன். எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "சின்ன வயதில் என் அம்மாவுக்குக் காய்ச்சல். பாதை கிடையாது. நானும் அண்ணனும் நாலு மணி நேரம் துடுப்புப் போட்டோம். துடுப்பு எனக்கு நன்றாகத் தெரியும்."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அந்த அம்மா பிழைத்தாரா என்று நானும் கேட்கவில்லை. ஜாலூரில் மாறி உட்கார்ந்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஜாலூரில் உட்காரவே முதலில் பயம். லேசாகச் சாய்ந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அரை மணி நேரத்தில் உடம்பு தானாகவே அடங்கிவிடுகிறது. ராசாவ் புதர்களுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம், எங்கோ இருவாய்ச்சி ஒன்றின் இறக்கைச் சத்தம், தோமான் மீன் மேலே வந்து மூச்சு வாங்கிப் போகிற ஒரு சின்னச் சலசலப்பு. மனதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிற அலுவலகப் பேச்சு எப்போது நின்றது என்றே தெரியவில்லை. இதைப் போலி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் தண்ணீர். எங்களோடு வந்த தோழிக்கு ஆஸ்துமா. இரண்டு மணி வாக்கில் அவளுக்கு இழுப்பு வந்தது. கையில் இருந்த இன்ஹேலர் கேட்கவில்லை. ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அவள் தோள் ஏறி ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாக் சிக் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே தூளி கட்டிப் படுத்திருந்தார். நாங்கள் கூப்பிடுவதற்குள் எழுந்து வந்துவிட்டார். யாரையும் எதுவும் கேட்காமல் போய் எஞ்சினை இழுத்தார்.

அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

இருபத்தைந்து நிமிடத்தில் துறை. அங்கே எங்கள் கார். ஒரு மணி நேரத்தில் பட்டணத்து மருத்துவமனை. விடிவதற்குள் தோழி எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்தாள். நாலு மணி நேரத் துடுப்பு என்ன என்பது எனக்கு அந்த மருத்துவமனை நாற்காலியில்தான் விளங்கியது. நான் அமைதி என்று பெயர் வைத்து ரசித்தது, அவருக்கு ஒரு காலத்தில் தூரமாக இருந்திருக்கிறது. அம்மாவுக்கு அந்த இருட்டு எப்படியோ, அப்படி.

விரதமும் பட்டினியும் வயிற்றுக்கு ஒன்றுதான். இரண்டிலும் அதே வெறுமை, அதே கிறுகிறுப்பு. ஆனால் தைப்பூசத்துக்கு 48 நாள் ஒருவேளை உணவோடு இருப்பவரை நாம் பட்டினி கிடப்பவர் என்று சொல்வதில்லை. அவருக்குச் சோறு அடுப்பில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. எங்கள் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர். பிறகு சாகும்வரை அந்தக் கிழங்கைத் தொட்டதில்லை. இப்போது அதையே வாழையிலையில் வைத்து, தேங்காய்ப்பூ தூவி, 'பழைய கால ருசி' என்று விற்கிறார்கள். நானே வாங்கித் தின்றிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டி தின்றதும் இதே கிழங்குதான். ஆனால் பாட்டிக்கு வேறு எதுவும் இல்லை.

அப்படியென்றால் வித்தியாசம் அனுபவத்துக்குள் இல்லை. வாசல் எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டாம் இரவு எங்கள் வாசல் திறந்துகொண்டது. எஞ்சின், கார், கார்டு, மருத்துவமனை. முதல் நாள் முழுக்க அதெல்லாம் இல்லாததுபோல நான் நடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

குளத்தங்கரை எளிமை என்றால் உலகமே கைகாட்டுகிற ஆள் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4ஆம் தேதி, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊருக்கு அருகே, வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிசையில் குடியேறினார். இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். நிலம் நண்பர் எமர்சனுடையது. ஊர் அரை மணி நேர நடை. அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார், துணியையும் அம்மாதான் துவைத்துக் கொடுத்தார் என்று இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். இது சோம்பேறித்தனமான விமர்சனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனக்குப் போக ஓர் இடம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. வாழ்க்கைக்கு அத்தியாவசியம் எது என்று சோதித்துப் பார்க்கப் போனவர் அவர். குடிசைக்கு ஆன செலவை 28 டாலர் பன்னிரண்டரை காசு என்று கணக்கெழுதி வைத்தார்.

என்னை நிறுத்தியது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, அந்தக் கணக்கில் பலகைக்கான வரவு. ரயில் பாதை வேலைக்கு வந்த ஓர் ஐரிஷ்காரரின் குடிலை 4 டாலர் 25 காசுக்கு வாங்கி, பிரித்து, அந்தப் பலகையில்தான் தோரோ தன் வீட்டைக் கட்டினார். குடிலைக் கொடுத்த ஜேம்ஸ் காலின்ஸ் குடும்பம் விடியற்காலையில் தன் உடைமை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வழியில் அவர்களைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒருவரின் எளிய வாழ்க்கை தொடங்குவதற்கான பலகை, இன்னொருவரின் வறுமையிலிருந்து வந்தது.

இன்னொன்று, தனக்கு முன்னால் அந்தக் காட்டில் குடியிருந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயம். கேட்டோ இங்கிராம், ஸில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன். கறுப்பின மக்கள். அடிமைத்தளையின் காலத்திலும் அதற்குப் பின்னும், ஊருக்குள் இடமில்லாமல் வால்டன் காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள். வயதான காலத்துக்கு உதவும் என்று கேட்டோ வளர்த்த வாதுமை மரங்களைக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டார். ஸில்ஃபா நூல் நூற்றுப் பிழைத்தவர். 1812ஆம் ஆண்டுப் போரின்போது அவர் வெளியே போயிருந்த சமயம், சிப்பாய்கள் அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். பூனை, நாய், கோழிகள் எல்லாம் அதோடு எரிந்தன. அவர்களுக்கு அந்தக் குளக்கரை சோதனைக்கூடம் இல்லை. மிச்சம் இருந்த ஒரே இடம். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற அமைதியான குளத்தின் கரையில், அமைதியைத் தேடிப் போகாத மனிதர்கள் முன்னமே இருந்திருக்கிறார்கள்.

தாசேக் பெராவிலும் அப்படித்தான். அங்கே போஸ் இஸ்கந்தர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்த 'போஸ்' அவசரகாலத்தின் மிச்சம். 1948இலிருந்து 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் போகாமல் தடுக்க ஆங்கிலேய அரசு காட்டுக்குள் கோட்டைகளை அமைத்து ஓராங் அஸ்லி மக்களைத் தன் கண்காணிப்புக்குள் கொண்டு வந்தது. அதே காரணத்துக்காகத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒரே இடத்துக்கு இழுத்து முள்வேலி போட்டார்கள். பாட்டி அந்த வேலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெளியே போகும்போது சோற்றுப் பொட்டலத்தைக்கூடத் திறந்து பார்ப்பார்களாம். காட்டுக்குள் இருந்தவர்களும் காட்டை அழித்து எழுந்த தோட்டத்துக்குள் இருந்தவர்களும், யாருமே வாசல் சாவியைக் கையில் வைத்திருக்கவில்லை. அந்தத் தோட்டங்கள் வருமுன் அங்கே யார் நடமாடினார்கள் என்று நம் வீடுகளில் யாரும் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. நான் இருக்கிறேன்.

சரி, அப்படியானால் போகவே கூடாதா? இந்தக் கேள்வியை நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். பட்டினி கிடப்பவர் ஒருவர் இருக்கும்வரை யாரும் விரதம் இருக்கக் கூடாது என்று சொல்வது அபத்தம். அப்படிப் பார்த்தால் நடப்பது, நீந்துவது, நட்சத்திரம் பார்ப்பது எதையுமே செய்ய முடியாது. எல்லாமே யாரோ ஒருவருக்கு வேறு வழியின்றி அமைந்தவைதான். அம்மா தப்பித்து வந்ததே, அவர் பயந்ததை நான் பயப்படாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான் என்று சொல்ல முடியும். என் சந்தோஷம் அவர் சம்பாதித்துக் கொடுத்தது. அதை வேண்டாம் என்று தள்ளுவது அவருக்கு மரியாதை ஆகாது.

குற்றவுணர்ச்சியும் உதவாது. அது சீக்கிரமே சுகமாகிவிடும். நான் எவ்வளவு உணர்வுள்ளவன் பார் என்று நம்மையே தட்டிக்கொடுக்கும். பாக் சிக்குக்கு என் குற்றவுணர்ச்சியால் ஒரு காசு பயன் கிடையாது.

தவறு போவதில் இல்லை, திரும்பி வந்து என்ன சொல்கிறோம் என்பதில் ஆரம்பிக்கிறது. "மனுசனுக்கு இவ்ளோதான் வேணும், மத்ததெல்லாம் ஆடம்பரம்" என்று படம் போட்டு எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தில். இரண்டு நாள் விரதம் இருந்தவன், பட்டினி ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்று சாட்சி சொல்வது மாதிரி அது. கரண்டு கேட்பவரையும் ரோடு கேட்பவரையும் பார்த்து, 'உங்களுக்கு இருப்பதன் அருமை தெரியவில்லை' என்று சொல்லும் மனம் அங்கிருந்துதான் முளைக்கிறது. ஏரிக்குள் எஞ்சின் வேண்டாம் என்று நான் கேட்டதும் அதே மனம்தான். என் இரண்டு நாள் அமைதிக்காக ஒருவரின் வாழ்நாள் வசதியை அணைக்கச் சொன்னேன்.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார். பசியைப் பொறுத்துக்கொள்கிறவரின் ஆற்றல் பெரிதுதான், ஆனால் பிறர் பசியைப் போக்குகிறவரின் ஆற்றலுக்கு அடுத்தபடிதான் அது வரும் என்கிறார். விரதத்தை அவர் இகழவில்லை. அதற்கு இரண்டாம் இடம் கொடுக்கிறார். எனக்கு இது போதுமான பதிலாகத் தோன்றுகிறது. காட்டுக்குப் போ, கூடாரம் அடி, துடுப்புப் போடு. ஆனால் அதை ஒரு சாதனையாகவோ ஞானமாகவோ முதல் இடத்தில் வைக்காதே.

தோரோவின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தத்துவம் எதுவும் இல்லை, ஒரு கோடாலி. வீடு கட்டத் தொடங்கும்போது அதை இன்னொருவரிடம் இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதைவிடக் கூர்மையாகத் தீட்டிக் கொடுத்ததாக எழுதுகிறார். காடு, ஏரி, இருட்டு எல்லாமே நமக்கு இரவல்தான். அங்கே இருப்பவர்களிடமிருந்தும், அங்கிருந்து தப்பித்து வந்து நம்மைப் பெற்றவர்களிடமிருந்தும் வாங்கிய இரவல். தீட்டிக் கொடுப்பது என்றால் என் அளவில் சின்னச் சின்ன விஷயங்கள். வழிகாட்டியிடம் பேரம் பேசாமல் இருப்பது. 'ஆளில்லாத காடு' என்று எழுதாமல் இருப்பது. அந்தக் கரைக்கு ரோடும் கிளினிக்கும் வேண்டும் என்று யாராவது கேட்கும்போது, 'அமைதி கெட்டுப்போகும்' என்று முதலில் வாய் திறக்காமல் இருப்பது. ஏரியைக் காக்க வேண்டும் என்று பேசுபவன் நான். ஆனால் அந்தப் பேச்சு செமலாய் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்க வேண்டும், என் கூடாரத்திலிருந்து அல்ல.

திரும்பி வந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தோழியின் இழுப்பு, எஞ்சின், நாலு மணி நேரத் துடுப்பு. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். படங்களைக் காட்டினேன். கறுப்புத் தண்ணீரில் மரம் தலைகீழாக நிற்கும் ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"குடிக்கிற தண்ணிக்கு எவ்ளோ தூரம் நடந்தீங்க?"

நாங்கள் நடக்கவில்லை. மோட்டார் படகில் மூன்று நீலத் தோம்புகளில் தண்ணீர் வந்தது. பாக் சிக் அதை எங்கே பிடித்தார், யார் தூக்கி வந்து படகில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளும் அதைத்தான் குடித்தேன். கேட்கத் தோன்றவில்லை.